என் மனைவி மெலிந்துகொண்டிருக்கிறாள்

புவனேசன் வகுப்பில் வாய் திறந்து சொன்ன முதல் முழு ஆங்கில வாக்கியமே அகத்தா டீச்சரின் மனத்தில் சுருக்கென்று தைத்தது.

"மை வைஃப் இஸ் கெட்டிங் தின்."

மலேசியாவின் சுங்கைப்பட்டாணியில், பாக்கார் ஆராங் கடைவரிசையில், மோட்டார் சாமான் விற்கும் கடைக்கு மேல்மாடியில், ஞாயிறு பிற்பகல்களில் நடக்கும் ஆங்கில வகுப்பு அது. வருகிறவர்கள் எல்லாரும் வேலை பார்க்கிறவர்கள். தொழிற்சாலையில் அடுத்த பதவிக்குப் போக வேண்டுமென்றால் நேர்காணலில் நான்கு வார்த்தை ஆங்கிலம் பேசியாக வேண்டும் என்பதால், வாரத்தில் கிடைக்கிற ஒரே ஓய்வு நாளையும் இங்கே கொண்டுவந்து கொடுக்கிறவர்கள். அகத்தா அரசாங்கப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து, முட்டிவலி காரணமாக முன்கூட்டியே ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல் இந்த வகுப்பைத் தொடங்கியிருந்தார்.

அன்றைய பாடம், மாறுவதைச் சொல்லும் வினைச்சொற்கள். கெட், பிகம், க்ரோ, டர்ன், கோ, ஸ்டார்ட், பிகின் என்று வெள்ளைப் பலகையில் வரிசையாக எழுதிவிட்டுத் திரும்பினார்.

"விழுந்தான், ஒடைச்சான், அடிச்சான். சட்டுனு நடந்து முடியிற காரியத்துக்கு நமக்கெல்லாம் நெறைய வெர்ப் தெரியும். ஆனா மெல்ல மெல்ல நடக்கிறத எப்படிச் சொல்றது? முடி நரைக்குது. ஒரே நாள்லயா நரைக்குது? அதுக்குத்தான் இந்த வெர்ப் எல்லாம். வாழைப்பழம் 'டர்ன்ஸ் யெல்லோ.' பால் 'கோஸ் பேட்.' கெட்டுப்போற காரியத்துக்குப் பெரும்பாலும் 'கோ'தான் வரும். தமிழ்லயும் அப்படித்தானே பேசுறோம்? ஊசிப் போச்சு, கறுத்துப் போச்சு, செத்துப் போச்சு."

"காதல் வந்துச்சுன்னு சொல்றோமே டீச்சர், அது 'கம்'மா?" என்றாள் முன்வரிசை உமாராணி. இருபத்து நான்கு வயது. வகுப்பின் வாட்சாப் குழுவை நடத்துகிறவளும் அவள்தான்.

"அதுக்கு 'ஃபால்.' இங்கிலீஷ்ல காதல் வராது. நாமதான் அதுல விழணும்."

வகுப்பு சிரித்தது. ஆளுக்கொரு வாக்கியம், தத்தம் வீட்டிலிருந்தோ வேலையிடத்திலிருந்தோ சொல்ல வேண்டும் என்றார் அகத்தா. உமாராணி தன் மேலாளர் குண்டாகிக்கொண்டே போவதைச் சொன்னாள். இன்னொருவர் வெயில் ஏறுவதைச் சொன்னார். கடைசி வரிசையில், சுவரோரம் உட்கார்ந்திருந்த புவனேசன்தான் தன் மனைவி மெலிந்துகொண்டிருப்பதைச் சொன்னான்.

முப்பத்தாறு வயதிருக்கும். கூலிம் பக்கம் ஒரு தொழிற்சாலைக் கிடங்கில் சரக்குத் தூக்கும் வண்டி ஓட்டுகிறவன். கரங்கானுக்கு உள்ளே எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்து வீடு ஒன்றிலிருந்து முக்கால் மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்டி வருவான். எப்போதும் தேய்த்த சட்டை. வகுப்புக்கு வந்து மூன்று மாதமாகியும் யாரிடமும் பேசியதில்லை. வாக்கியத்தில் பிழை ஏதுமில்லை. ஆனால் அதை அவன் சொன்ன விதத்தில் கவலையும் இல்லை, பெருமையும் இல்லை. கணக்குப் பார்த்துச் சொல்வதுபோல் இருந்தது.

"வெரி குட்," என்றார் அகத்தா. அந்த வாரம் முழுக்க அவரால் அதை மறக்க முடியவில்லை.

அகத்தாவின் சுபாவம் அப்படி. பால் பொட்டலத்தில் இன்னும் ஒரு வாரம் தேதி இருந்தாலும் முகர்ந்து பார்த்துத்தான் ஊற்றுவார். பெட்ரோல் நிலையத்தில் கணவர் கிளாரன்ஸ் எண்ணெய் ஊற்றும்போது, இவர் காருக்குள்ளிருந்து கழுத்தை நீட்டி மீட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பார். "ஒலகத்துலயே நீ சந்தேகப்படாத ஒரே ஆளு அந்தோணியாருதான்," என்பார் கிளாரன்ஸ். "அதுகூட அவரு பதில் பேசாததுனால."

அடுத்த ஞாயிறு புவனேசன் சொன்னது: "ஷீ இஸ் பிகமிங் ப்யூட்டிஃபுல்." அழகாகிக்கொண்டு வருகிறாள். உமாராணி "ஐயோ, ஸ்வீட் லா!" என்று கை தட்டினாள். அவன் சிரிக்கவில்லை. கீழே பார்த்தபடி உட்கார்ந்துவிட்டான்.

அதற்கடுத்த வாரம்: "ஷீ ஸ்டார்ட்டட் டு ஹைட் ஹர் ஃபோன்." போனை மறைக்கத் தொடங்கிவிட்டாள். இப்போது யாரும் கை தட்டவில்லை. அகத்தா அவசரமாக அடுத்தவரைக் கேட்டார். வகுப்பு முடிந்ததும் எல்லாரும் படியிறங்கிய பிறகு புவனேசன் மட்டும் பலகைக்கு அருகில் வந்து நின்றான்.

"டீச்சர், ஒரு டவுட். 'ஸ்லோலி'ங்கிற வார்த்தைய எங்க போடணும்? நடுவுலயா, கடைசியிலயா?"

"ரெண்டுலயும் போடலாம். ஏன்?"

"சும்மாதான் டீச்சர். மெல்லமாத்தானே எல்லாம் நடக்குது," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அன்று மாலை அகத்தாவுக்குத் தேநீர் இறங்கவில்லை.

"அந்த ஆளு பொண்டாட்டிக்கு ஏதோ குடுக்கிறான்ங்க," என்றார் கணவரிடம். "கொஞ்சம் கொஞ்சமா. தோட்டத்துல களைக்கொல்லி மருந்துக்கா பஞ்சம்?"

மின்விசிறியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்த கிளாரன்ஸ் நிமிர்ந்து பார்த்தார். "அவ மெலியுறான்னு சொன்னான். அழகாகுறான்னு சொன்னான். இதுல வெஷம் எங்கேர்ந்து வந்துச்சு?"

"போன மறைக்கிறான்னு சொன்னான்ல. அவ மேல சந்தேகம் அவனுக்கு. சந்தேகம் புடிச்ச ஆம்பள எதுவும் செய்வான்."

"சந்தேகம் புடிச்ச பொம்பள?"

அகத்தா குடிக்காத தேநீரைத் தொட்டியில் கொட்டினார்.

உமாராணியும் கரங்கான் பக்கத்துப் பெண்தான் என்பது நினைவுக்கு வந்து, ஒரு நாள் பேச்சோடு பேச்சாக விசாரித்தார். உமாராணிக்கு அந்த வீட்டைத் தெரிந்திருந்தது. "வாசுகி அக்காதானே டீச்சர்? முன்ன பாசார்ல அம்மாவ பாத்தா அர மணி நேரம் வுடாது, பேசிக்கிட்டே இருக்கும். இப்ப தலைய குனிஞ்சிக்கிட்டு போவுது. ஆளே பாதியாயிருச்சு. அந்த வீட்டுல சத்தமே கேக்கறதில்லன்னு அம்மா சொல்லுச்சு. பிள்ளகுட்டியும் இல்ல, பாவம்."

சத்தமே கேட்பதில்லை என்பதுதான் அகத்தாவை அதிகம் உறுத்தியது. சண்டை போடுகிற வீட்டைப் பற்றி அவருக்குப் பயமில்லை. அவரும் கிளாரன்ஸும் போடாத சண்டையா? பேச்சு நின்றுபோன வீடுதான் நல்லதற்கில்லை.

அடுத்த வகுப்பில் புவனேசன் இரண்டு வாக்கியம் சொன்னான். அவளுடைய கைகள் நடுங்கத் தொடங்கிவிட்டன. அவளுடைய கண்கள் மஞ்சளாகிக்கொண்டு வருகின்றன. "ஹர் ஐஸ் ஆர் டர்னிங் யெல்லோ." பழத்துக்குச் சொல்லிக்கொடுத்த வினைச்சொல்லை அவன் கண்ணுக்குப் போட்டிருந்தான். இலக்கணம் அப்பழுக்கில்லாமல் இருந்தது. அகத்தாவின் கையிலிருந்த மார்க்கர் பேனாவின் மூடி கீழே விழுந்து உருண்டது.

"டாக்டர்கிட்ட காட்டுனீங்களா புவனேசன்?" என்று எல்லார் முன்னாலும் தமிழிலேயே கேட்டுவிட்டார்.

"சும்மா ஒரு எக்ஸாம்பிளுக்குச் சொன்னேன் டீச்சர்." அவன் முகம் இறுகியது. பிறகு, யாரும் கேட்காமலே, மூன்றாவதாக ஒன்றும் சொன்னான். "ஐ ஆம் கெட்டிங் ரெடி."

தயாராகிக்கொண்டிருக்கிறேன். எதற்கென்று சொல்லவில்லை.

மறுவாரம் அவன் வகுப்புக்கு வரவில்லை. வாட்சாப் குழுவிலும் பதில் இல்லை. அகத்தா பாடத்தைப் பாதியிலேயே முடித்து எல்லாரையும் அனுப்பிவிட்டு, உமாராணியிடம் வழி கேட்டுக்கொண்டு, கீழே கடைகளின் முன்நடையான அஞ்சடியில் கோப்பி குடித்துக்கொண்டிருந்த கிளாரன்ஸிடம் போனார்.

"கரங்கான் போகணும்."

"எதுக்கு?"

"'டர்னிங்'னு சொன்னான்ங்க. 'டர்ன்ட்'னு சொல்லல. இன்னும் நடந்துக்கிட்டுதான் இருக்கு. முடிஞ்சு போறதுக்குள்ள போயிறணும்."

கிளாரன்ஸுக்கு ஆங்கில இலக்கணத்தில் நாட்டமில்லை. ஆனால் முப்பது வருடம் சேர்ந்து வாழ்ந்ததில் மனைவியின் எந்தக் குரலுக்கு எதிர்ப்பேச்சு பேசக் கூடாது என்பது தெரிந்திருந்தது. கோப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

கரங்கான் கடைத்தெருவைத் தாண்டி, செம்பனைக்கு நடுவே போகும் செம்மண் பாதையில் கார் குலுங்கிப் போனது. தோட்டத்து வீடுகள் ஒரே மாதிரி வரிசையாக இருந்தன. ஓரத்து வீட்டின் முன்னால் புவனேசனின் கார் இல்லை. கிளாரன்ஸைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, கம்பிக்கதவைத் தட்டினார்.

நெடுநேரம் கழித்து ஒரு பெண் வந்து நின்றாள். முப்பது வயதைத் தாண்டியவள். கன்னங்கள் ஒட்டி, கழுத்தெலும்பு தெரிந்தது. உதட்டில் சாயம், நெற்றியில் புதுமாதிரிப் பொட்டு, வீட்டுக்குள்ளேயே நல்ல சுடிதார். கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தன. வெளிச்சத்துக்கு அவள் நிமிர்ந்தபோது கண்ணின் வெள்ளை வெள்ளையாக இல்லை.

"யாரு வேணும்?"

"புவனேசன் இருக்காரா? நான் சுங்கைப்பட்டாணியிலேர்ந்து வர்றேன். இங்கிலீஷ் கிளாஸ்."

வாசுகியின் முகம் சட்டென்று மாறியது. அகத்தாவை விட்டுவிட்டு, தெருவில் நிற்கும் காரை எட்டிப் பார்த்தாள். அங்கே வழுக்கைத் தலையோடு கிளாரன்ஸ் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"டீச்சர் வரலையா?" என்றாள். குரலில் முள் இருந்தது. "உங்கள அனுப்பி வெச்சாங்களா? நேர்ல வர்றதுக்குத் தைரியம் இல்லையா?"

"நாந்தாம்மா டீச்சர்."

வாசுகி அவரை மேலும் கீழும் பார்த்தாள். நரைத்த கொண்டை, மூக்குக் கண்ணாடி, முட்டியில் இறுக்கிய பட்டை, அகலமான செருப்பு. "பொய் சொல்லாதீங்க. டீச்சரோட கொரல நான் கேட்டிருக்கேன். அவரு போன்ல. 'புவனேசன் அண்ணே, சண்டே மறந்துராதீங்க, நாங்க வெயிட் பண்ணுவோம்'னு. சின்னப் பொண்ணு கொரல்."

"அது உமாராணி. உங்க ஊருப் பொண்ணுதான், கூடப் படிக்கிறா. எல்லாருக்கும் அப்படித்தான் குரல் அனுப்புவா. என் வீட்டுக்காரருக்குக்கூட அனுப்பியிருக்கா, கிளாஸ் சாவிய கொண்டாரச் சொல்லி."

வாசுகி கம்பிக்கதவைத் திறந்துவிட்டாள். அகத்தாவை உள்ளே கூப்பிடக்கூட இல்லை. அப்படியே போய் நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினாள். சத்தமில்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. சிறிது நேரத்தில் அது சிரிப்பில்லை என்று தெரிந்தது. அகத்தா உள்ளே போய் அவள் பக்கத்தில் நின்றார்.

"நாலு மாசமா ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம சட்டைய தேச்சிப் போட்டுக்கிட்டுக் கெளம்பிப் போறாரு டீச்சர். கல்யாணத்தப்பகூட அவரு அப்படி தேச்சதில்ல. நாலு மாசத்துக்கு முன்ன நான் எப்படி இருப்பேன் தெரியுமா? இந்த வாசல்ல நின்னா வாசலே அடைச்சிக்கும். ஒடம்ப கொறைக்கணும்னு அப்பத்தான் ஆரம்பிச்சேன்."

"எப்படிக் கொறைச்ச?"

"இருங்க, அந்தக் கோப்பிய கலக்கிட்டு வர்றேன். நீங்களும் குடிச்சிப் பாருங்க."

"வேணாம்மா," என்றார் அகத்தா அவசரமாக. இந்த வீட்டில் எந்தப் பாத்திரத்தில் எது இருக்கிறதோ என்ற பயம் அவருக்கு இன்னும் போகவில்லை. ஆனால் வாசுகி அதற்குள் எழுந்து போய் ஒரு பெட்டியை எடுத்து வந்தாள். ஊதா நிறம். மேலே இடுப்பு ஒடுங்கிய ஒரு பெண்ணின் படம். எடை குறைக்கும் கோப்பி என்று மலாய் மொழியில் பெரிய எழுத்து. அகத்தா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தயாரித்த இடம் இல்லை. சுகாதார அமைச்சின் பதிவெண் இல்லை. ஒரு கைப்பேசி எண் மட்டும் இருந்தது.

"எங்க வாங்குன இத?"

"பேஸ்புக்ல. மொதல்ல காலையில ஒரு பொட்டலம். அப்புறம் ரெண்டு வேளையும் குடிச்சா சீக்கிரம்னு சொன்னாங்க. பசியே எடுக்காது டீச்சர். நெஞ்சு மட்டும் படபடன்னு அடிக்கும். தூக்கம் வராது. ஒடம்புல கெட்டது வெளியாவுது, அதான் அப்படின்னாங்க." குரலைத் தாழ்த்தினாள். "நானும் நாலு பேருக்கு வித்தேன். அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா திட்டுவாரு, அதான் போன மறைச்சி வெக்கிறது."

அகத்தா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். மெலிந்தது, அழகானது, போனை மறைத்தது, கை நடுங்கியது. புவனேசன் வாரம் ஒன்றாகச் சொன்னதெல்லாம் இந்த ஊதாப் பெட்டிக்குள்தான் இருந்தது. ஆனால் அவன் எதற்குத் தயாராகிக்கொண்டிருந்தான்?

வாசலில் கார் வந்து நின்றது. புவனேசன் இறங்கி வந்தான். டீச்சரைத் தன் வீட்டு நாற்காலியில் கண்டதும் வாசற்படியிலேயே நின்றான். திறந்திருந்த கார்க் கதவு வழியாகப் பின்னிருக்கையில் ஒரு பெரிய துணிப்பை தெரிந்தது. பிதுங்கப் பிதுங்க அடைத்து, ஓரத்தில் ஒரு சேலையின் கரை வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

"அது என்ன பை?" என்றார் அகத்தா. இத்தனை நாள் அடக்கி வைத்த கேள்வி அதன் பின்னாலேயே வந்துவிட்டது. "அவள எங்க கொண்டுபோகப் போறீங்க? இவ்வளவு நாளா இவளுக்கு என்ன குடுத்தீங்க?"

"நான் குடுத்தனா?" புவனேசனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது முகம் கறுத்தது. "இவ யாருக்காக மெலியுறா, யாருக்காக சாயம் பூசுறான்னு நான் மூணு மாசமா மண்டைய ஒடைச்சிக்கிட்டு இருக்கேன். நீங்க வந்து என்னைய கேக்குறீங்களா டீச்சர்? பாலிங்ல இவ அண்ணன் வூட்டுல கொண்டுபோய் வுட்டுட்டு வரப்போறேன். காருக்கு எண்ண ஊத்திட்டு வந்தேன், கெளம்ப வேண்டியதுதான்."

"யாருக்காகவா?" என்றாள் வாசுகி.

அந்த வீட்டில் பல மாதங்களுக்குப் பிறகு எழுந்த முதல் உரத்த சத்தம் அதுவாகத்தான் இருக்கும்.

"யாருக்காகவா? தேச்ச சட்டையோட வாரா வாரம் ஓடுனது யாரு? டீச்சர் கொரலக் கேட்டுப்புட்டு நான் பட்டினி கெடந்தா, என்னைய கேக்குறீங்களா யாருக்காகன்னு?"

"எந்த டீச்சரு கொரலு?"

"எந்த டீச்சரா…"

அவள் எழுந்தாள். இன்னும் சொல்ல நிறைய இருந்தது என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் கை நாற்காலி முதுகைத் தேடித் தவறியது. சிமெண்டுத் தரையில் அவள் தலை மோதுவதற்குள் புவனேசன் பாய்ந்து பிடித்துவிட்டான். பிடித்தவன், கையில் கனமே இல்லாததைக் கண்டு பயந்துபோய், "வாசு, வாசு" என்று குழந்தையை எழுப்புவதுபோல் கன்னத்தைத் தட்டினான்.

கிளாரன்ஸ்தான் காரை ஓட்டினார். கூலிம் மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்வரை பின்னிருக்கையில் வாசுகியின் தலை அகத்தாவின் மடியில் இருந்தது. நடுவழியில் அவளுக்கு நினைவு திரும்பி, இரண்டு முறை வாந்தி எடுத்தாள். ஊதாப் பெட்டியை அகத்தா கைப்பையில் திணித்துக்கொண்டு வந்திருந்தார்.

அவசரப் பிரிவில் ஓர் இளம் மலாய்ப் பெண் மருத்துவர் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். எப்போது தொடங்கியது என்று மலாயில் கேட்டார். புவனேசனுக்கு மலாய் சரளமாக வரும். அன்றைக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. பிறகு, மனப்பாடம் செய்தவன் ஒப்பிப்பதுபோல், ஆங்கிலத்தில் தொடங்கினான்.

முதலில் மெலியத் தொடங்கினாள். அது தைப்பூசம் முடிந்ததும். அப்புறம் தூக்கம் குறைந்துகொண்டே வந்தது. ரமலான் நோன்பு மாதத்தில் கைகள் நடுங்க ஆரம்பித்தன. சிறுநீர் தேநீர்போல் நிறம் மாறியதாக அவளே ஒரு நாள் சொன்னாள். அதற்கடுத்த வாரம் கண் மஞ்சளாகத் தொடங்கியது, முதலில் ஓரத்தில், பிறகு முழுக்க. கெட், ஸ்டார்ட், பிகின், டர்ன் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மருத்துவர் இடையில் பேசாமல் எழுதிக்கொண்டே போனார். பெட்டியைக் காட்டியதும் அவர் முகம் சுளித்தார். இந்த மாதிரி மூன்றாவது ஆள் என்றார். கல்லீரல் அடிபட்டிருக்கிறது, இரத்தப் பரிசோதனை வந்தால்தான் எவ்வளவு என்று சொல்ல முடியும், ஆனால் இன்றைக்குக் கொண்டுவந்தது நல்லது என்றார்.

வார்டுக்கு வெளியே நாற்காலியில் அகத்தாவும் புவனேசனும் உட்கார்ந்திருந்தார்கள். கிளாரன்ஸ் ரொட்டி வாங்கப் போயிருந்தார். அகத்தாதான் பேச்சை எடுத்தார்.

"இவ்வளவு தெளிவா எல்லாம் பாத்திருக்கீங்க. அவகிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே புவனேசன்?"

"கேட்டா உண்மைய சொல்லிருவாளோன்னு பயம் டீச்சர்." அவன் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "யார்கிட்டயாச்சும் சொல்லணும்போல இருக்கும். தமிழ்ல சொல்ல வாய் கூசுது. இங்கிலீஷ்ல சொன்னப்ப வேற யாரோ வூட்டுக் கத மாதிரி இருந்துச்சு. அதான் உங்க கிளாஸ்ல வந்து சொல்லிக்கிட்டு இருந்தேன்."

"நான் நீங்க வெஷம் வெக்கிறீங்கன்னு நெனச்சேன்."

"தெரியும் டீச்சர். இப்பத்தான் தெரியும்." உள்ளங்கையை மூடிக்கொண்டு, "கண்ணு மஞ்சளானத பாத்துட்டுக்கூட டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகாம பையக் கட்டுனேன். வெஷம் வெச்சவனுக்கும் எனக்கும் பெரிய வித்தியாசம் ஒண்ணுமில்ல," என்றான்.



வாசுகி இரண்டு வாரத்துக்குக் கிட்ட வார்டில் கிடந்தாள். மஞ்சள் வந்ததுபோலவே மெதுவாகத்தான் போனது. புவனேசன் விடுப்பு எடுத்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தான். உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. அவன் போன் அடித்தால் அவள் கண் அங்கே போகும். அவள் போனை எடுத்தால் அவன் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான். ஆனால் அவளுக்குக் கஞ்சி ஊட்டும்போது இருவரும் சண்டை போட்டார்கள். உப்புக்காக, சூட்டுக்காக, துடைத்த துணிக்காக. வார்டு நர்ஸ் மிஸ்ஸி வந்து இரண்டு முறை அதட்டிவிட்டுப் போனார். அதைக் கேள்விப்பட்ட அகத்தாவுக்குச் சற்று நிம்மதியாக இருந்தது.

வீடு திரும்பிய மறுவாரம் வாசுகி அகத்தாவுக்குப் போன் செய்தாள். "அந்தக் கோப்பிய வாங்குனவங்க இங்க நாலு பேரு இருக்காங்க டீச்சர். நான் போய்ச் சொன்னா நம்புவாங்களோ என்னமோ. நீங்களும் கூட வர்றீங்களா?"

சனிக்கிழமை காலையில் இருவரும் வீடு வீடாகப் போனார்கள். வாசுகி இரண்டு வீட்டுக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினாள். முதல் வீட்டு பிரேமாவதி ஒன்றும் கேட்காமல் பெட்டியைக் கொண்டுவந்து போட்டாள். தனக்கு முதல் நாளே வாந்தி வந்ததாகவும், கொடுத்த காசு வீணாகிறதே என்று எடுத்து வைத்திருந்ததாகவும் சொன்னாள். அடுத்தது குணசுந்தரியின் வீடு. கம்பிக்கதவுக்கு உள்ளேயே நின்று முழுவதையும் கேட்டாள். வாசுகி பேசி முடித்ததும் அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"நல்லாருக்குடி நியாயம். நீ மட்டும் சிக்குனு மெலிஞ்சிட்ட. நான் ரெண்டு கிலோ கொறையிறதுக்குள்ள நிறுத்தச் சொல்லி டீச்சரையும் கூட்டிட்டு வந்துட்டியா?"

"அக்கா, ஆஸ்பத்திரில கெடந்துட்டு வந்திருக்கேன்கா."

"கெடந்தா? எத்தனையோ பேரு எதெதுக்கோ கெடக்கறாங்க. வெலைய ஏத்திட்டு வேற ஆளுக்கு விக்கிறதுக்குத் திரும்ப வாங்குறியோ என்னமோ, யாரு கண்டா?"

கம்பிக்கதவுக்குப் பின்னாலிருந்த மரக்கதவும் சாத்தப்பட்டது. அகத்தாவுக்குக் கோபம் வந்தது. பதிவெண், கல்லீரல், இரத்தப் பரிசோதனை என்று கதவைப் பார்த்தே உரக்கப் பேசினார். வாசுகி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். பிறகு படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"போகலாம்மா. இன்னும் ரெண்டு வீடு இருக்கு," என்றார் அகத்தா.

"இருங்க டீச்சர். நான்தானே வித்தேன்."

வெயில் படிக்கு ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு பாத்திரம் உருட்டப்படும் சத்தம் கேட்டது, தண்ணீர் திறந்து மூடும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கழித்து மரக்கதவு ஒரு சாணளவு திறந்தது. குணசுந்தரியின் கையில் பெட்டி இல்லை. முகத்தில் இன்னும் கோபம் இருந்தது.

"எனக்கு நெஞ்சு படபடன்னு அடிக்குது," என்றாள் வாசுகியிடம் மட்டும், மெதுவாக. "அவருக்குத் தெரியாது. ராத்திரியெல்லாம் முழிச்சிக்கிட்டே கெடக்கேன். நீ சொல்றது அதுதானா?"

வாசுகி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். குணசுந்தரி கம்பிக்கதவின் பூட்டைத் திறந்தாள்.